ஞாழலா, ஆதிமந்தியா? மகளுக்குப் பெயர் முடிவாகவில்லை

முற்றத்துநிழல்:
மகள் பிறந்து இன்றோடு 19 நாள். இன்னும் "பாப்பா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நூற்றுக்கும் மேல் எழுதிப் பார்த்து, அடித்து, கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சியிருக்கிறது. எனக்கு ஞாழல். இவருக்கு ஆதிமந்தி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கத் தயார்தான், ஆனால் யார் எதற்காக விட்டுக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாழல், சங்கப் பாடல்களில் வரும் கடற்கரை மரம். பூவுக்கும் அதே பெயர்தான். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் அம்மூவனார் இதற்கென்றே பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். ஞாழற்பத்து என்று பெயர். "எக்கர் ஞாழல்" என்று அதில் வரும்போதெல்லாம், மணல்மேட்டில் ஒரு மரம் தனியாகப் பூத்து நிற்பது எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்த நாளிலிருந்து அந்தச் சொல் என்னோடு இருக்கிறது.

ஆதிமந்தி, கரிகாலன் மகளாகச் சொல்லப்படுகிறவள். கணவன் ஆட்டனத்தியைக் காவிரி வெள்ளம் இழுத்துக்கொண்டு போக, கரையோரமாகவே தேடிப் போனவள். குறுந்தொகையின் 31ஆம் பாட்டு அவள் பாடியது.

இரண்டில் எது, ஏன் என்று மனம்விட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது பெயர் மட்டும் வேண்டாம். மறுபடி பட்டியல் போட எனக்குத் தெம்பில்லை.

வழிப்போக்கன்:
வாழ்த்துகள் சகோதரி. மூன்றாவது வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் மனம் கேட்கவில்லை. நன்முல்லை? அள்ளூர் நன்முல்லையார் பெண் புலவர். பூவும் ஆச்சு, புலவரும் ஆச்சு. உங்கள் இருவர் ஆசையும் ஒரே பெயரில் அடங்கிவிடும்.

முற்றத்துநிழல்:
நன்றி. அதுவும் பட்டியலில் இருந்தது. இவருடைய அத்தை மகள் அந்தப் பெயரை வைத்துவிட்டாள்.

தென்னங்கீற்று:
தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆதிமந்தி வேண்டாம். மந்தி என்றால் பெண் குரங்கு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கரிகாலன் மகள், புலவர், எல்லாம் சரி. ஆனால் உங்கள் மகள் பழகப்போவது ஆறு வயதுப் பிள்ளைகளோடு. அவர்கள் குறுந்தொகை படித்துவிட்டு வரமாட்டார்கள்.

பழையபலகை:
முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தென்னங்கீற்று சொல்லும் பொருளை நான் மறுக்கவில்லை. குரங்கு, முசு, ஊகம் மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்று பெயர் என்பதைத் தொல்காப்பிய மரபியலே சொல்கிறது. ஆனால் அந்தச் சொல்லை இழிவாகப் பார்த்தது யார்? சங்கப் புலவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. குறுந்தொகை 69இல் "காமர் மந்தி" என்று வருகிறது. அழகிய மந்தி என்று பொருள். துணையைப் பறிகொடுத்ததும், இன்னும் தொழில் கற்காத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்கிற மந்தி அது. ஒரு விலங்கிடம் அவ்வளவு அன்பைக் கண்ட மொழியில், அந்தச் சொல்லைப் பெயராக வைப்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆதிமந்திக்கு வருவோம். அகநானூறு 45இல் வெள்ளிவீதியார், நானும் ஆதிமந்தி போல அறிவு கலங்கி அலைவேனோ என்கிறார். அகநானூறு 147இல் ஔவையார், வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிவிடத் துணிந்தேன் என்கிறார். கவனியுங்கள் அம்மா. ஒரு பெண் இன்னொரு பெண்ணை நினைக்கிறாள், அவளை மற்றொருத்தி நினைக்கிறாள். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஆதிமந்தி. அந்தப் பெயர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு பூவின் பெயருக்காக அதை விடலாமா?

தென்னங்கீற்று:
ஐயா, உங்கள் படிப்புக்கு முன்னால் நான் ஒன்றுமில்லை. ஆனால் மந்தி இழிவில்லை என்று காட்ட நீங்கள் எடுத்த பாட்டில் அந்த மந்தி செத்துப்போகிறது. ஆதிமந்தியின் கதையோ கணவனை ஆற்றில் விட்ட கதை. பிறந்து 19 நாளான குழந்தைக்கு இரண்டு பக்கமும் சாவை வைத்துப் பேசுகிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு மந்தி என்ற சொல் தெரியாது என்று யாராவது சொல்ல வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். குற்றாலக் குறவஞ்சியில் "வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்" என்ற பாட்டு பள்ளிப் பாடமாக வந்த பாட்டு. நானே மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். ஆசிரியர் பலகையில் "மந்தி – பெண் குரங்கு" என்று அருஞ்சொற்பொருள் எழுதுவார். முப்பது தலைகள் ஒரே நேரத்தில் ஒரு பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பெஞ்சில் இவள் உட்கார்ந்திருப்பாள்.

பழையபலகை:
சாவுக் கதை என்று சொல்வதை மட்டும் திருத்தியாக வேண்டும். சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையில் கண்ணகி புகார் நகரத்துப் பத்தினிகளை வரிசையாகச் சொல்கிறாள். அதில் கரிகாலன் மகள் வருகிறாள். வெள்ளத்தின் பின்னாலேயே போய், "கல்நவில் தோளாயோ" என்று அவள் கூப்பிட, கடலே வந்து அவனை அவள் முன் நிறுத்திக் காட்டியது. அவனைத் தழுவிக்கொண்டு பொற்கொடி போலத் திரும்பி வந்தாள். போனவனைக் கூப்பிட்டு மீட்டவள் கதை இது. கணவனை இழந்து நிற்கும் கண்ணகி ஏன் இவளை நினைக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள்.

வகுப்பில் முப்பது தலை திரும்பும் என்பது உண்மை. நானும் அந்தப் பாட்டை நடத்தியவன்தான். அதற்கு ஆசிரியர் பொறுப்பு.

நாவசைவு:
வணக்கம். குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் வேலை என்னுடையது. இலக்கியம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வாய்க்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

ஞாழல் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஞா சொல்லும்போது நடுநாக்கு மேலே எழுந்து அண்ணத்தில் ஒட்டுகிறது. ழ வரும்போது நுனி பின்னால் வளைந்து எதையும் முழுதாகத் தொடாமல் நிற்கிறது. ல் வரும்போது நுனி முன்னால் வந்து பல்லுக்குப் பின்னால் தட்டுகிறது. மூன்றே எழுத்துக்குள் நாக்கு மூன்று இடத்துக்கு ஓடுகிறது. பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்தவரையில் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ழ ஒன்று. ஐந்து, ஆறு வயது வரை அதை ய என்றோ ல என்றோ சொல்வது சாதாரணம்.

ஆதிமந்தியில் இருப்பவை ஆ, த, ம, ந. எல்லாம் சீக்கிரம் வருகிற ஒலிகள். இரண்டரை, மூன்று வயதிலேயே தன் பெயரைத் தானே தெளிவாகச் சொல்லிவிடுவாள்.

ஒரு குழந்தையிடம் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "உன் பேர் என்ன?" என்பதுதான். அதற்குப் பதில் சொன்னதும் எதிரில் இருப்பவர் "என்ன? என்ன?" என்று இரண்டு முறை குனிந்து கேட்டால், சில பிள்ளைகள் மூன்றாவது முறை வாயைத் திறப்பதில்லை. அப்படி அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் என் ஓட்டு ஆதிமந்திக்கு.

தென்னங்கீற்று:
நாவசைவு சொல்வது என் வீட்டிலேயே நடந்தது. என் மகள் யாழினி. நான்கு வயது வரை அவள் யாயினி. நாங்கள் யாழினி என்று கூப்பிட்டால் "யாயினி!" என்று எங்களைத் திருத்துவாள். தான் சொல்வது சரி, அம்மா அப்பாவுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை என்பது அவள் எண்ணம். அவள் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒருநாள் ழ தானாக வந்துவிட்டது. எந்த நாள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. வந்ததும் யாயினி போய்விட்டாள் என்று என் மனைவிக்குத்தான் ஒரு வாரம் வருத்தம்.

ஆகவே ழ-வுக்குப் பயப்பட வேண்டாம். யாழினி என்ற பெயர் இன்று நிறைய வீடுகளில் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அதைக் கடந்துதான் வருகிறார்கள்.

நாவசைவு:
யாழினியை எல்லோருக்கும் தெரியும் அண்ணா. குழந்தை யாயினி என்றாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். ஞாழல் கேட்பவருக்கே புதிது. குழந்தை "ஞாயல்" என்றால் அது எந்தப் பெயர் என்று யாரும் ஊகிக்க முடியாது. என் கவலை அதுதான்.

நிறுத்தற்குறி:
நான் வழக்கமாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் உங்கள் மகளுக்கு வரப்போவதை நான் 34 வருடமாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

என் பெயரை இங்கே சொல்லவில்லை. பழைய பெயர், யாரும் வைக்காத பெயர், அதில் ழ ஒன்றும் ற ஒன்றும் உண்டு. பள்ளி திறக்கும் நாளில் புது ஆசிரியர் வருகைப்பதிவேட்டை எடுத்து வாசிப்பார். எனக்கு முந்தைய பெயர் வரை சரளமாகப் போகும். அப்புறம் ஒரு நிறுத்தம். விரல் அந்த வரியிலேயே நிற்பது எனக்கு என் இடத்திலிருந்தே தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கி "உள்ளேன் ஐயா" என்றுவிடுவேன். பன்னிரண்டு வருடமும் இப்படித்தான். கல்லூரியிலும் தொடர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் எழுத்து எழுத்தாகச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஆங்கில எழுத்தில் என் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒருமாதிரி, கல்லூரிச் சான்றிதழில் ஒருமாதிரி, கடவுச்சீட்டில் ஒருமாதிரி. ழ-வுக்கு ஒருவர் எல் போட்டார், ஒருவர் இசட் எச் போட்டார். மூன்றும் நானேதான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே வெளிநாட்டு வேலைக்கான தாள்கள் நகர்ந்தன. அலைந்த நாள்களில் அப்பாமேல் கோபம் வந்தது உண்மை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் ஞாழல் பக்கம்தான் நிற்கிறேன்.

காரணம் இது. என் பெயரைத் தப்பாகச் சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒருவரும் அதை வைத்து என்னை அழவைத்ததில்லை. தப்பாகச் சொல்வார்கள், நான் திருத்துவேன், "ஓ, நல்லா இருக்கே, என்ன அர்த்தம்?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் என் பெயர் எனக்குப் பிடித்துப்போனது. ஆதிமந்தியில் வரும் சிக்கல் அப்படி இல்லை. அந்தப் பெயரை யாரும் தப்பாகச் சொல்லவே வேண்டாம். சரியாகச் சொல்லி, கடைசி இரண்டு அசையை மட்டும் கொஞ்சம் இழுத்தால் போதும். அதை அவள் எப்படித் திருத்துவாள்? "இல்லை, கரிகாலன் மகள்" என்று எட்டு வயதில் விளையாட்டுத் திடலில் நின்று விளக்குவாளா?

என் வகுப்பில் ஒருத்திக்கு அப்படிப்பட்ட பெயர் இருந்தது. நல்ல பெயர், உயர்ந்த பொருள், ஆனால் பாதியை வெட்டினால் வேறு பொருள் வரும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றிக்கொண்டாள். இப்போதும் பழைய தோழிகள் யாராவது பழைய பெயரில் கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

பழையபலகை:
மகளே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த நிறுத்தத்தை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நானும் செய்திருப்பேன். என்னிடம் படித்த எத்தனை பேர் அப்படி அவசரமாகக் கையைத் தூக்கினார்களோ.

ஆனாலும் என் தரப்பை விட முடியவில்லை. ஞாழல் எந்த மரம்? உரைகாரர்கள் புலிநகக்கொன்றை என்பார்கள். இன்றைய எந்தச் செடி அது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நாளை உங்கள் மகள் "அம்மா, என் மரத்தைக் காட்டு" என்றால் எங்கே கூட்டிப்போவீர்கள்? ஆதிமந்தியைக் காட்டச் சொன்னால் குறுந்தொகையைத் திறந்து, இதோ அவள் பேச்சு என்று கையில் கொடுக்கலாம்.

சோகம் வேண்டாம் என்று ஞாழலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். குறுந்தொகை 50 "ஐயவி அன்ன சிறுவீ ஞாழல்" என்று தொடங்குகிறது. வெண்சிறுகடுகு போன்ற சின்னஞ்சிறு பூ. அழகான தொடக்கம்தான். பாட்டு எங்கே போய் முடிகிறது? வளை நெகிழ்ந்து, அவன் அணைத்த தோள் தனிமையை அணிந்துகொண்டது என்று முடிகிறது. ஞாழல் பூக்கும் துறையிலும் ஒருத்தி காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். மருதத் திணைப் பாட்டு அது.

முற்றத்துநிழல்:
ஐயா, குறுந்தொகை 50ஐ நீங்கள் எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பெயரை வைக்கலாம் என்று எனக்குத் தைரியம் கொடுத்ததே அந்த வரி. கடுகளவு பூ. குழந்தை பிறந்த அன்று அவள் கைவிரல் நகத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். பாட்டில் வருந்துகிறவள் தலைவி. ஞாழல் அவளுக்குப் பக்கத்தில் பூத்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆதிமந்தி என்று வைத்தால் வருத்தமே அவளுடையதாகிவிடும். எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

மரத்தைக் காட்ட முடியாது என்பது என்னை யோசிக்க வைக்கிறது. பொன்னிறக் கொத்து என்று ஐங்குறுநூறு சொல்கிறது, "பொன்னிணர் ஞாழல்" என்று. சின்னப் பூ, கடற்கரை, நல்ல மணம். இவ்வளவையும் அவளிடம் சொல்வேன். மரத்தை அவளே தேடட்டும். தேடுவதற்கு ஒன்று இருப்பதும் நல்லதுதானே.

நாவசைவு, எங்கள் மூத்தவனுக்கு நான்கு வயது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அவனைச் சோதித்தேன். ஆதிமந்தியை ஒரே தடவையில் சொல்லிவிட்டான். ஞாழலை "ஞாயல்" என்றான், நீங்கள் எழுதிய அதே மாதிரி. எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் தூங்கப்போகும் முன் அவன் தொட்டில் பக்கத்தில் நின்று, வேட்டித்துணியை விலக்கி உள்ளே எட்டிப்பார்த்து, "ஞாயல், நான் தூங்கப் போறேன்" என்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆதிமந்தி என்று அவன் சொல்லவில்லை. நான்கு வயதுப் பையன் பேச்சை வைத்து முடிவு செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

வழிப்போக்கன்:
சகோதரி, அவனே முடிவு செய்துவிட்டான்.

நாவசைவு:
அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "ழ, ழ சொல்லு" என்று பிடித்துவைத்தால் அந்தப் பெயரையே தவிர்க்க ஆரம்பிப்பான். அவன் "ஞாயல்" என்றால் நீங்கள் "ஆமாம், ஞாழல் தூங்கிட்டா" என்று சரியான ஒலியைப் பதிலுக்குள் வைத்துச் சொன்னால் போதும். காது முதலில் பிடிக்கும், நாக்கு பிறகு வரும்.

என் கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். வீட்டுக்குள் பெயரைச் சொல்லப் பயமில்லாத ஒரு அண்ணன் இருந்தால் அவளுக்குப் பாதி வேலை முடிந்தது. வெளியாட்கள் விஷயத்தில் என் கவலை அப்படியேதான் இருக்கிறது.

முற்றத்துவெயில்:
வணக்கம். நான் குழந்தையின் அப்பா. என் மனைவி படிக்கச் சொன்னாள். முழுவதும் படித்துவிட்டு, எழுதுவதற்காகவே கணக்குத் தொடங்கினேன். ஆதிமந்தி என் விருப்பம் என்பதால் நான் பேசாமல் இருப்பது சரியில்லை.

எனக்கு அந்தப் பெயர் பிடித்தது கரிகாலனுக்காக இல்லை, கடல் வந்து கணவனைக் கொடுத்ததற்காகவும் இல்லை. அந்தப் பாட்டில் ஒரு வரிக்காக. வீரர்கள் கூடிய விழாவில் தேடினேன், பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையில் தேடினேன், எங்கேயும் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே வருகிறவள், நடுவில் "யானும் ஓர் ஆடுகள மகளே" என்கிறாள். நானும் ஆடுகளத்துப் பெண்தான். அழுகையின் நடுவில் தான் யார் என்பதை அவள் விடவில்லை. அவன் யார் என்பதைக்கூட அதற்கு அப்புறம்தான் சொல்கிறாள். என் மகளுக்கு அந்த வரி வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதுவும் நான் யோசிக்கவில்லை.

மந்தி என்ற சொல் என் காதில் விழவே இல்லை, நம்புங்கள். எனக்கு அது ஒரே சொல்லாக, ஒரு ஆளாகத்தான் கேட்டது. தென்னங்கீற்று எழுதியதைப் படித்த பிறகு அதைப் பிரிக்காமல் கேட்க முடியவில்லை. நிறுத்தற்குறி எழுதியது அதைவிட உறைத்தது. தப்பாகச் சொன்னால் திருத்தலாம், சரியாகச் சொல்லியே நோகடித்தால் திருத்த வழியில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளாகத் தேடிவிட்டேன்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு அவள் அழுதாள். மனைவி அசந்து தூங்குகிறாள் என்று நான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இருட்டில் மெதுவாக "ஆதிமந்தி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சொன்னதும் எனக்கு ஆற்றங்கரைதான் தெரிந்தது. தலைவிரித்து ஓடுகிற ஒருத்தி தெரிந்தாள். தோளில் இருந்த இவள் தெரியவில்லை. அப்புறம் மற்றப் பெயரைச் சொன்னேன். எதுவும் தெரியவில்லை. இருட்டும் இவள் மூச்சும் மட்டும் இருந்தன. அது எனக்குப் பிடித்திருந்தது.

பாட்டு நம் வீட்டில்தான் இருக்கிறது. படிக்கத் தெரிந்ததும் நானே சொல்லிக்கொடுப்பேன். அவள் ஞாழலாக இருந்துகொண்டே அந்த வரியை எடுத்துக்கொள்ளட்டும்.

தென்னங்கீற்று:
தம்பி, மனைவிக்காக விட்டுக்கொடுக்கிறீர்களா, உண்மையிலேயே மனசு மாறிவிட்டதா? விட்டுக்கொடுத்ததாக இருந்தால் பத்து வருடம் கழித்து ஒரு சண்டையில் வெளியே வரும். அதனால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முற்றத்துவெயில்:
நியாயமான கேள்வி அண்ணா. விட்டுக்கொடுக்கவில்லை. ஆதிமந்தி மேல் ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஆசை ஒரு பாட்டின் மேல் இருக்கிற ஆசை. குழந்தையைப் பார்த்து வந்ததில்லை.

பழையபலகை:
என் கருத்து மாறவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நமக்கு அருமையான பெண் பெயர்கள் நூலிலேயே கிடக்கின்றன. கேலிக்குப் பயந்து ஒவ்வொன்றாக ஒதுக்கினால் அவை நூலிலேயே கிடந்து போகும். யாராவது ஒருவர் துணிந்து வைக்க வேண்டும். அது இந்தக் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதுவும் தெரிகிறது.

முடிவு செய்துவிட்டீர்கள் என்பதால், வைத்த பெயருக்கு என்னால் ஆனதைத் தருகிறேன். ஞ எழுத்து சொல்லுக்கு முதலில் எல்லா உயிரோடும் வராது. ஆ, எ, ஒ மூன்றோடு மட்டும் வரும் என்பது தொல்காப்பியம். ஞாயிறும் ஞாலமும் நிற்கிற சிறிய வரிசையில் உங்கள் மகளும் நிற்பாள். அடுத்தது, கூப்பிடும் விதம். லகர மெய்யில் முடியும் பெயரை விளிக்கும்போது அதற்கு முந்தைய உயிர் நீளும். தோன்றல் என்பவனைக் கூப்பிட்டால் தோன்றால். குரிசில் என்பவனைக் கூப்பிட்டால் குரிசீல். ஆதிமந்தியின் பாட்டில் அவள் தேடுகிறவனுக்கும் குரிசில் என்றுதான் பெயர் வருகிறது. அந்தக் கணக்கில் உங்கள் மகளைத் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டுமானால் "ஞாழால்!" என்று கூப்பிடுங்கள். இலக்கணம் தெரியாதவர்கள் ஞாழலு என்பார்கள். அதுவும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

நிறுத்தற்குறி:
முற்றத்துநிழல், ஒரே ஒரு வேண்டுகோள். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை இன்றே, பிறப்புச் சான்றிதழுக்குப் படிவம் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ழ-வுக்கு இசட் எச் போடுங்கள், அதுதான் பலருக்கும் பழகியது. ஞா-வுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஜி என் என்றால் ஞானம் என்ற பெயரை எழுதிப் பழகிய நம்மவர்களுக்குப் புரியும், வெளியாட்கள் க்னா என்பார்கள். என் ஜே என்றால் மலையாளம் தெரிந்தவர்களுக்குப் புரியும். எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் ஒன்றுதான். ஒரு தாளில் பெரிதாக எழுதி, நிழற்படம் எடுத்து, உங்கள் இருவர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கை, வங்கி, எங்கே எழுதினாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் தட்டச்சு செய்ததை அங்கேயே நின்று வாசித்துவிட்டு வாருங்கள். எனக்கு அதைச் செய்ய யாரும் இல்லை.

முற்றத்துநிழல்:
எல்லோருக்கும் நன்றி. ஜி என் என்று முடிவு செய்திருக்கிறோம். தாளில் எழுதிப் படமும் எடுத்தாகிவிட்டது. படிவம் வெள்ளிக்கிழமை கொடுக்கிறோம்.

ஐயா, உங்கள் விளி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று காலை இவர் சமையலறையிலிருந்து "ஞாழால்!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் தூக்கத்தில் உதட்டைச் சுழித்தாள், அவ்வளவுதான். அடுத்த அறையிலிருந்து மூத்தவன் ஓடிவந்து, "அப்பா, அப்படி இல்ல. ஞாயல்" என்றான்.